பெருவிரலில் ஒட்டிய விமானம்

வீடியோவில் வரும் மனிதருக்கு முகம் கிடையாது. இரண்டு கைகள் மட்டும்தான். சுத்தமாக வெட்டிய நகங்கள், அவசரமே தெரியாத விரல்கள், பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அவர் இருக்கும் ஊரில் ரயில் ஓடாது, மீன்காரன் கூவமாட்டான், மேல்மாடியில் யாரும் கதிரையை இழுக்கமாட்டார்கள் போலும். நான் இருப்பது வெள்ளவத்தையில், கடற்கரைத் தண்டவாளத்துக்கு ஒரு வரிசை தள்ளி, மூன்றாம் மாடியில். ரயில் போகும்போதெல்லாம் என் மேசை நடுங்கும். "இப்போது கையை அசைக்காமல் ஒரு நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று அவர் ஆங்கிலத்தில் சொல்லும்போது நான் மணிக்கூட்டைத்தான் முதலில் பார்ப்பேன். பாணந்துறைப் பக்கம் போகிற ரயில் போய்விட்டதா, இல்லையா?

அறுபத்தொரு வயதில் பிளாஸ்டிக் விமானம் செய்ய உட்கார்ந்ததற்குப் பொழுதுபோக்கு என்றுதான் வீட்டில் காரணம் சொன்னேன். அது பொய். ஐந்து வாரத்தில் நான் உண்மையான விமானம் ஒன்றில் ஏறி ரொறன்ரோவுக்குப் போக வேண்டியிருந்தது. மகளுக்கு முதல் குழந்தை. எனக்கும் மனைவிக்கும் டிக்கெட் போட்டாயிற்று. எனக்கோ விமானம் என்றால் உயிர் போகிற பயம். அப்படி ஒரு பயம் எனக்கு இருப்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. மனைவிக்குக்கூடத் தெரியாது.

அவளுக்குத் தெரியாமல் போனது எப்படி என்பதைச் சொல்லத்தான் வேண்டும். முப்பது வருடம் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் வேலை பார்த்தவன் நான். ஊருலகத்துக்கெல்லாம் சரக்கு அனுப்பினேனே தவிர, நான் எங்கும் போனதில்லை. முதன்முதலாக விமானம் ஏறியது இரண்டு வருடத்துக்கு முன், மகளின் கலியாணத்துக்கு. கட்டுநாயக்காவில் இருக்கையில் அமர்ந்து பெல்ட்டைப் போட்டவுடனே சட்டை நனைந்துவிட்டது. கதவு இன்னும் மூடவில்லை. மூடினால் பிறகு திறக்காது என்ற ஒரே நினைப்புத்தான் தலைக்குள் ஓடியது. பணிப்பெண் வந்து என்ன செய்கிறது என்று கேட்டாள். சுற்றிவர நம்முடைய ஆட்கள். பாதிப் பேர் காலி வீதியில் தினமும் காணும் முகங்கள். பயமாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. நெஞ்சு நோகிறது என்று சொன்னேன்.

அவ்வளவுதான். சக்கர நாற்காலி வந்தது. மனைவியும் அழுதபடி எழும்பினாள். அவளும் இறங்கினால் கலியாணப் பெண்ணுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. வெளியே உம்முடைய தம்பி நிற்கிறான், அவன் பார்த்துக்கொள்வான், நீர் போம் என்று நானே அவளைப் பிடித்து இருத்தினேன். எனக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னேன். அன்றைக்கு நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

வெள்ளவத்தையில் ஒருவர் கனடா போகிறார் என்றால் வீட்டு மணி ஓயாது. ஆளுக்கொரு பார்சலைக் கொண்டுவந்து, பாரமில்லை, சின்னச் சாமான்தான் என்று கையில் திணிப்பார்கள். வறுத்து இடித்த கறித்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, மோர்மிளகாய், யாரோ ஒரு மருமகனின் மூக்குக்கண்ணாடி. என் பெயரில் இருந்த இரண்டு பெட்டியும் அப்படி ஊராரின் சாமானால் நிறைந்திருந்தன. ஆள் இறங்கினால் பெட்டியும் இறங்க வேண்டுமாம். விமானத்தின் வயிற்றைக் கிளறி அவற்றைத் தேடியெடுக்கும் வரைக்கும் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சில் ஒரு குறையும் இல்லை என்று எழுதித் தந்தார்கள். அந்தத் தாளை நான் ஒருவருக்கும் காட்டவில்லை.

அடுத்த வாரம் முச்சக்கரவண்டி பிடித்து, வீடு வீடாகப் போய் ஒவ்வொரு பார்சலையும் திருப்பிக் கொடுத்தேன். கலியாணத்துக்குப் போகாததைவிட அதுதான் பெரிய அவமானம். ஒவ்வொரு வாசலிலும் நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றேன். அவர்கள் பார்சலை வாங்கிக்கொண்டு எனக்கு அப்பிளும் சத்துமாப் பெட்டியும் தந்து அனுப்பினார்கள். தூளைக் கொடுத்துவிட்டு அப்பிளோடு வீடு திரும்பினேன். கலியாணத்தன்று வேட்டி கட்டிக்கொண்டு தொலைபேசித் திரைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தேன். மச்சான் ஒருவர் எனக்குப் பதிலாக நின்று மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார். நான் இங்கே அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் இருந்தேன்.

மனைவி திரும்பி வந்த நாளிலிருந்து நான் இதய நோயாளி. சொதியில் தேங்காய்ப்பால் தண்ணீராகிவிட்டது. முட்டையின் மஞ்சள் எனக்கில்லை. உப்பும் இல்லை. மூன்று மாடி ஏறினால் ஒவ்வொரு மாடியிலும் நிற்கவேண்டும். பொய்யைச் சொன்னவன் அதையே தின்றுகொண்டிருக்க வேண்டியதுதான் என்று வாயை மூடிக்கொண்டு தின்றேன். தானும் அதே பத்தியச் சாப்பாட்டைத்தான் அவள் சாப்பிட்டாள். அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

இந்த முறை டிக்கெட் போட்டவுடன் பயம் வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. மகள் அனுப்பியிருந்த டெப்லெட்டில் விமானங்களைப் பற்றித் தேடினேன். முதலில் வந்ததெல்லாம் விழுந்த விமானங்கள். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் அந்தக் கைகள் வந்தன. நான் இறங்கிப்போன அதே வகை விமானத்தை, முழம் நீளத்தில், துண்டு துண்டாக ஒட்டிக் காட்டின. இது எப்படிப் பொருந்தியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பயம் விட்டுவிடும் என்று எனக்குத் தோன்றியது. பம்பலப்பிட்டியில் ஒரு மாடிக் கடையில் அதே பெட்டி கிடைத்தது.

கற்றுக்கொள்வது லேசாக இல்லை. துண்டுகள் பிளாஸ்டிக் சட்டம் ஒன்றில் ஒட்டியபடி வரும். அதைக் கத்தரிக்க அவரிடம் தனி ஆயுதம் இருந்தது. என்னிடம் இருந்தது நகவெட்டி. ஒட்டுவதற்கு அவர் தண்ணீர் போன்ற ஒரு பசையைத் தொட்டு வைப்பார். அது தானாக இடுக்குக்குள் ஓடி ஒட்டிக்கொள்ளும். அந்தப் பசை காலி வீதி முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் சுப்பர் குளூ என்றார்கள். அதைப் போட்டு விமானி அறையின் முன்கண்ணாடியை ஒட்டினேன். அடுத்த நாள் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துப்போய்க் கிடந்தது. அந்தப் பசையின் ஆவி அப்படிச் செய்யும் என்று அவர் பிறகு ஒரு வீடியோவில் சொல்கிறார். முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன என்று கைகளைப் பார்த்துத் திட்டினேன்.

ஆனால் ஒரு விஷயம் மனதுக்கு இதமாக இருந்தது. இறக்கைகள் பக்கத்துக்கு ஒன்றாக வந்து ஒட்டப்பட்டவை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். வயிற்றுக்கு அடியால் பெரிய உத்தரம் போன்ற ஒன்று குறுக்கே ஓடுகிறதாம். இரண்டு இறக்கையும் அதில்தான் பூட்டியிருக்கின்றன, மற்றதெல்லாம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று அவர் காட்டினார். அந்த இடத்தை எட்டுப் பத்துத் தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.

இந்த நாட்களில் வீட்டுக்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மனைவி போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். குழாயைத் திறந்துவிட்டுக் கதைப்பாள். வெளியே வந்தால் முகத்தைக் கழுவியிருப்பாள். யார் என்று கேட்டால், மகள், சும்மா கதைத்தாள் என்பாள். எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். என்னை விட்டுவிட்டுப் போகத் தாயும் மகளும் திட்டம் போடுகிறார்கள். நோயாளியை ஏன் இழுத்துக்கொண்டு போகவேண்டும் என்று. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்துக்கு அடியில் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது. அதை இப்போது எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

விமானம் ஒருவாறு முடிந்தது. சக்கரங்களில் நிறுத்தினேன். மூக்கு மேலே போக, வால் கீழே போய்ப் பிட்டத்தில் குந்தியது. மூன்று முறை நிறுத்தினேன், மூன்று முறையும் குந்தியது. வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தால், உடலை மூடுவதற்கு முன் மூக்குக்குள் பாரம் வைக்க வேண்டும் என்று அவர் ஆற அமரச் சொல்லியிருக்கிறார். விளம்பரத்தைத் தாண்டுகிற அவசரத்தில் அந்த இடத்தையும் சேர்த்துத் தாண்டியிருக்கிறேன். தூண்டில்காரர் கட்டும் ஈயக்குண்டுகளை வாங்கிவந்து, மூக்கின் அடிப்பக்கத்தை அறுத்துத் திறந்தேன்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். மனைவி சைவக்காரிதான். ஆனாலும் கொழும்பில் பாதிச் சனத்தைப் போல அவளும் செவ்வாய்க்கிழமைகளில் கொட்டாஞ்சேனைத் தேவாலயத்துக்கு மெழுகுதிரி கொளுத்தப் போவாள். என் நெஞ்சுக்காகப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். நான் இடது கையில் விமானத்தைப் பிடித்துக்கொண்டு, ஈயக்குண்டுகளை உள்ளே போட்டு, சுப்பர் குளூவைத் தாராளமாக ஊற்றினேன். அப்போது பார்த்து ரயில் வந்தது. மேசை ஆட, நான் விமானத்தை இறுக்கிப் பிடித்தேன். ரயில் போன பிறகு பார்த்தால் என் பெருவிரலும் சுட்டுவிரலும் மூக்கோடு சேர்ந்து ஒட்டிப்போயிருந்தன.

இழுத்துப் பார்த்தேன். தோல்தான் வந்தது. இதற்கு அவர் ஏதும் வழி சொல்லியிருப்பாரா என்று டெப்லெட்டைப் பார்த்தபோதுதான் அந்தக் கைகளுக்கு மேலே ஒரு செய்தி வந்து விழுந்தது. முந்தின நாள் வந்த மைத்துனன், பெரிய எழுத்தில் வாசிக்கலாம் என்று சொல்லி அக்காவின் போனை அதோடு இணைத்துவிட்டுப் போயிருந்தான். செய்தி மகளிடமிருந்து.

"அம்மா, இண்டைக்கு ஸ்கேனிலயும் பிள்ளையைச் சுத்தித் தண்ணி குறைவாம். நாளைக்கு என்னை ஆஸ்பத்திரியில மறிச்சு வைக்கப்போகினம். பிள்ளையை வெள்ளனவே எடுக்க வேண்டி வருமாம். அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, அவர்ட நெஞ்சு தாங்காது."

ஒரு கணம்தான், செய்தி மேலே போய் மறைந்துவிட்டது. கைகள் மட்டும் தங்கள்பாட்டுக்கு எதையோ தீட்டிக்கொண்டிருந்தன. வலது கையால் திரையைத் தட்டினேன். பசை காய்ந்த விரலை அது கவனிக்கவில்லை. கடைசியில் சின்னவிரலால் திறந்து பழைய செய்திகளை மேலே மேலே தள்ளி வாசித்தேன். இரண்டு வாரமாக நடக்கிறது. இரத்தம் பட்டிருக்கிறது. இரவில் பிள்ளை துடிக்கவில்லை என்று ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். ஒவ்வொன்றின் முடிவிலும் அப்பாவுக்குச் சொல்லவேண்டாம், அப்பாவுக்குச் சொல்லவேண்டாம். ஓரிடத்தில் இப்படி எழுதியிருந்தாள்: நான் கலியாணத்துக்கு வரச்சொல்லி ஒற்றைக்காலில் நின்றதால்தான் அப்பாவுக்கு அப்படி வந்தது, இனி அவருக்கு நான் ஒரு பாரமும் கொடுக்கமாட்டேன்.

என் பிள்ளை என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். இல்லாத ஒரு வியாதியிலிருந்து.

மனைவிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மகளை அழைக்கலாம், ஆனால் என்ன சொல்லி அழைப்பது? எனக்குத் தெரியாது என்பது ஒன்றுதான் அவளுக்கு மிச்சமிருந்த நிம்மதி. வீட்டில் இருக்க முடியவில்லை. ஒட்டிய கையைச் சொப்பிங் பைக்குள் விட்டு, இறக்கைகள் இரண்டு பக்கமும் கிழித்துக்கொண்டு நிற்க, மூன்று மாடியையும் ஓட்டமாக இறங்கினேன். முச்சக்கரவண்டிக்காரர் பையைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கா என்று சிங்களத்தில் கேட்டார். ஆம் என்றேன். கொள்ளுப்பிட்டி தாண்டுவதற்குள் எல்லாச் சந்தியிலும் சிவப்பு விளக்கு. கோட்டையில் நெரிசல், புறக்கோட்டையில் பார வண்டிகள். ஆட்டத்தில் இறக்கை முறிந்துவிடும் என்று கையை நெஞ்சோடு அணைத்தபடி இருந்தேன்.

தேவாலயத்துக்கு வெளியே மெழுகுதிரிக்காரர்களுக்கு நடுவில் மனைவியைக் கண்டேன். அவளும் என்னைக் கண்டாள். அவள் கண்டது, வேர்த்து விறுவிறுத்து, கையை நெஞ்சில் அழுத்திப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வருகிற புருஷனை. அவள் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த திரியெல்லாம் கீழே விழுந்தது. யாரோ ஒரு பெண் எழும்பி எனக்குத் தன் பிளாஸ்டிக் கதிரையைத் தந்தாள். இன்னொருவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார். சுற்றிவர ஆட்கள் காற்று வர விலகி நின்றார்கள்.

"நெஞ்சு நோகுதோ?" மனைவி என் முகத்துக்குக் கிட்டக் குனிந்தாள். "எவ்வளவு நேரமா நோகுது?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கதிரை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியும் கிட்டத்தான். கனடாப் பயணமும் அதோடு முடிந்துவிடும். அந்த எண்ணம் வந்தது என்பதை மறைக்கமாட்டேன். அவள் கண்களைப் பார்த்தேன். இரண்டு வாரமாக மகளுக்காக அழுத கண்கள், இப்போது எனக்காகவும் தயாராகிக்கொண்டிருந்தன.

அவள் காதுக்குள் சொன்னேன். "எனக்கு நெஞ்சில ஒண்டுமில்லை. அண்டைக்கும் ஒண்டுமில்லை. பயத்திலதான் இறங்கினனான்."

பிறகு மகளின் செய்தியைப் பார்த்துவிட்டேன் என்பதையும் சொன்னேன். அவள் நிமிர்ந்து நின்றாள். தண்ணீர்ப் போத்தலை உரியவரிடம் கொடுத்து நன்றி சொன்னாள். கதிரையைத் தானே எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு முச்சக்கரவண்டியை மறித்து ஏறிக்கொண்டாள். புறக்கோட்டை, கோட்டை, காலிமுகத்திடல் எல்லாம் போயிற்று. அவள் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பம்பலப்பிட்டி வந்த பிறகுதான், தெருவைப் பார்த்தபடி சொன்னாள்.

"ரெண்டு வருசமா விடிய எழும்பினவுடன உங்கட மூச்சு வருதோ எண்டுதான் முதல் பாக்கிறனான். உங்களை விட்டிட்டுப் பிளேனில போனவள் எண்டு ஒவ்வொரு நாளும் என்னை நானே தின்னிறன்."

வீட்டுக்கு வந்து, சவர்க்காரம் போட்ட சுடுதண்ணீரில் என் கையை விமானத்தோடு அமுக்கி வைத்தாள். அரை மணித்தியாலம் கழித்துக் கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்தாள். மெதுவாக எடுக்கவில்லை. பெருவிரல் தோல் விமானத்தோடு போயிற்று. "அவளுக்கு நீங்களே சொல்லுங்கோ" என்றாள்.

அன்று பின்னேரம், மகளுக்கு விடிந்த பிறகு, சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போகப் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். திரையில் அவள் முகம் வீங்கியிருந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை பையின் சிப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்ப என்ட கலியாணத்தண்டு நீங்கள் சுகமாத்தான் வீட்டில இருந்தனீங்களோ, அப்பா?"

"ஓம்" என்றேன். சரி, வைக்கிறேன் என்றாள். திரை இருண்டுபோயிற்று.

டிக்கெட்டை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினோம். இந்த முறை ஒருவருக்கும் சொல்லவில்லை, ஒரு பார்சலும் வரவில்லை. அந்த மூன்று நாளும் மனைவி என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். சொதியில் பால் பழையபடி தடிப்பாக வந்தது. அதை என்னால் ரசித்துச் சாப்பிட முடியவில்லை. புறப்படும்போது கதவைப் பூட்டிவிட்டு, திறப்பைக் கைப்பைக்குள் போட்டபடி, "இந்த முறை இறங்கினால் இறங்கினதுதான்" என்றாள். நான் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன்.

விமானத்தில் எனக்கு நடு இருக்கை. யன்னல் பக்கம் மனைவி. அவள் தோளுக்கு மேலால் இறக்கை தெரிந்தது. என் காலுக்கு அடியால் அந்த உத்தரம் குறுக்கே ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். எத்தனை துண்டு, எதில் எது பூட்டியிருக்கிறது, எல்லாம் தெரியும். தெரிந்ததெல்லாம் தலையோடு நின்றுவிட்டது, வயிற்றுக்கு இறங்கவில்லை. சட்டை நனையத் தொடங்கியது. கைகள் தாமாகவே பெல்ட்டின் கொளுக்கியில் போய் நின்றன. மனைவி என்னைப் பார்க்கவில்லை. யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பணிப்பெண் குனிந்து பார்த்தாள். தமிழ்ப்பிள்ளை. பேச்சில் மலையகம் தெரிந்தது. "என்ன அங்கிள் செய்யுது? ஒடம்புக்கு முடியலையா?"

நெஞ்சு என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. இரண்டு வருடம் அந்தச் சொல்லோடு வாழ்ந்தவன் அல்லவா. விழுங்கினேன்.

"பயமா இருக்குது, பிள்ளை. எனக்குச் சரியான பயம்."

மெதுவாகச் சொல்ல நினைத்தேன், குரல் கட்டுக்குள் நிற்கவில்லை. முன் வரிசையில் இரண்டு தலை திரும்பியது. பக்கத்து வரிசையில் ஒரு முகம், வெள்ளவத்தைச் சந்தையில் தேங்காய் வாங்கும்போது தலையாட்டுகிற முகம், என்னையே பார்த்தது. அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. என் நனைந்த சட்டையைப் பார்த்தாள், கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"எறங்கணும்னா இப்பவே சொல்லிருங்க அங்கிள். கதவப் பூட்டப் போறாங்க."

"பூட்டச் சொல்லுங்கோ" என்றேன்.

அந்தப் பிள்ளை நிமிர்ந்து கதவுப் பக்கம் போனாள். கதவு பூட்டுகிற சத்தம் கேட்டது. மனைவி யன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.